நான் மட்டும் கூப்பிட்ட பெயர்

என் மனைவிக்கு சுஜி என்று பெயர் வைத்தவன் நான். ரேஷன் கார்டில் இருக்கும் அவளுடைய நீளப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது அவள் அப்பா வைத்தது, அதில் எனக்குப் பங்கு இல்லை. கல்யாணமான முதல் வாரத்தில் அதன் முன்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு சுஜி என்று கூப்பிட்டேன். அவள் பிறந்த வீட்டில் அவளைப் 'பெரிசு' என்பார்கள். மகள் பிறந்ததும் தெருவுக்கே அவள் 'பாப்பா அம்மா' ஆகிவிட்டாள். படப்பையில் எங்கள் தெருவில் வந்து சுஜி வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பதினேழு வருஷம் அந்தச் சொல் என் வாயில் மட்டும்தான் இருந்தது.

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் தன் தம்பியிடம் அரைமணி நேரம் போனில் பேசினாலே எனக்கு வயிறு எரியும். கார் ஸ்டாண்டில் என்னோடு இருக்கும் டிரைவர்கள், "இன்னா தல, காதுல பொக வருது?" என்று கிண்டல் செய்வார்கள். வரத்தான் வரும். பொண்டாட்டி மேல் பொறாமைப்படாதவன் எதன் மேல்தான் ஆசை வைத்திருக்கிறான் என்று திருப்பிக் கேட்பேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு சம்பவம் நடந்தது. கம்பெனி வேலைக்கு வந்த வடக்கத்தி ஆட்கள் இரண்டு பேர் கடை வாசலில் நின்றார்கள். என் மனைவி அப்போதுதான் தேங்காய் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். அவர்களில் ஒருவன் கடைக்காரரிடம் "பையா, சூஜி ஹை?" என்றான். கூட இருந்தவன் எதற்கோ சிரித்தான். நான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"எவடா சுஜி? யாரக் கேக்கற நீ?"

கடைக்காரர் கல்லாவிலிருந்து கத்தினார். "யோவ் டிரைவரு, வுடுய்யா அவன! ரவையக் கேக்கறான்யா! அவங்க ஊர்ல ரவைக்கு சூஜின்னு பேரு!" ஒரு பாக்கெட்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். அதில் இங்கிலீஷில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த ஆள் பாவம், சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான். பொத்தானை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப பாதி ஊரு என்ன வறுத்து, கிண்டி, துன்னுகினு கீதா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் வீட்டில் உப்புமாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டுகிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டு ஆட்களை விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்து விடுவது, கம்பெனிக்கும் தங்கும் இடத்துக்கும் கொண்டுபோவது என் வேலை. ரவை விஷயத்துக்குப் பிறகு அந்தச் சொல் எங்கே காதில் விழுந்தாலும் தலை தானாகத் திரும்பியது. ஒரு ஜப்பான்காரர் ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பார்சலோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். கூட வந்த நம்மூர் மொழிபெயர்ப்பாளரிடம் பார்சலைத் தட்டிக் காட்டி "சுஜி, சுஜி" என்று சந்தோஷப்பட்டார். என்ன சார் அது என்று கேட்டேன். மாட்டுத் தசை நாராம். மணிக்கணக்கில் வேகவைத்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடுமாம். இன்னொரு தடவை ஒரு இந்தோனேசியக்காரர், தன் ஊரில் சுஜி என்பது ஒரு இலை என்றார். அதை அரைத்துப் பிழிந்த சாறுதான் பலகாரங்களுக்குப் பச்சை நிறம் கொடுக்குமாம். ரவை, மாட்டு நார், பச்சை இலை. ஆசியா முழுக்க என் பொண்டாட்டி பேரை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது. போகட்டும், தின்கிற பொருள்தானே, ஆள் இல்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஆளும் வந்தது. அதை அழைத்துவந்து வாசலில் நிறுத்தியவனும் நானேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொரியா சாருக்கு மூன்று மாதம் கார் ஓட்டினேன். ஒரகடத்தில் ஒரு பெரிய அபார்ட்மென்டில் ஆறாவது மாடியில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். குழந்தை இல்லை. வீட்டு வேலைக்கு நல்ல ஆள் வேண்டும் என்று கேட்டார். மகள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள், மனைவி பகலில் சும்மாதான் இருக்கிறாள் என்று நான் அவளையே கூட்டிக்கொண்டு போனேன். கேட் பாஸ் ஃபாரத்தை நான்தான் எழுதினேன். போன் நம்பர் என்ற இடத்தில் என் நம்பரைப் போட்டேன். எங்கள் பக்கத்தில் எந்த ஃபாரத்திலும் பெண்களுக்குப் புருஷன் நம்பர்தான், யாரும் யோசிப்பதுகூட இல்லை. அவளிடம் இருந்ததும் ஒரு பழைய பட்டன் போன்தான்.

அந்தக் கொரியா மேடம் கதவைத் திறந்தார். அவருக்கு இங்கிலீஷும் அவ்வளவாக வராது, எல்லாவற்றுக்கும் போன்தான். அவர் கொரிய மொழியில் பேசினால் போன் தமிழில் சொல்லும். அந்தத் தமிழ் இருக்கிறதே, பள்ளிக்கூடத்துச் செய்யுள் வாத்தியார் தோற்றார். "தங்கள் பெயர் யாது?" என்று கேட்டது போன். என் மனைவி நீளப் பெயரைச் சொன்னாள். மேடம் இரண்டு தடவை முயன்று பார்த்து நாக்கு மாட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும் என்று காட்ட வேண்டாமா? "சுஜி, மேடம். கால் ஹெர் சுஜி" என்றேன்.

மேடம் தன் நெஞ்சில் படபடவென்று அடித்துக்கொண்டார். "மீ! சுஜி! மீ சுஜி!" என்று கத்தினார். அவர்கள் ஊரில் பெண்களுக்கு வைக்கிற பெயராம் அது. இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ரொம்ப நாள் கழித்துச் சந்தித்த அக்கா தங்கச்சி மாதிரி குதித்தார்கள். நான் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, வாசலிலேயே நின்றேன்.

அதிலிருந்து வீட்டில் எப்போது பார்த்தாலும் மேடம் பேச்சுதான். மேடம் இன்னிக்கு இது சொல்லுச்சு, மேடம் அதைத் துன்னுச்சு. ரவை பாக்கெட்டில் இருக்கும் பெயரை என் மனைவிதான் மேடத்துக்குக் காட்டியிருக்கிறாள். பாக்கெட்டை நடுவில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரிய ஒரு போட்டோ எடுத்து, மேடம் அதை என் நம்பருக்கு அனுப்பியிருந்தார். விமான நிலைய வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து அந்தப் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பதினேழு வருஷத்தில் என் கூட எடுத்த எந்தப் போட்டோவிலும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட அளவாகத்தான் சிரித்திருப்பாள்.

அபார்ட்மென்ட் முழுக்கப் பெயர் பரவிவிட்டது. ஒரு நாள் அவளை அழைத்துப்போக கேட்டில் நின்றபோது செக்யூரிட்டி என்னைப் பார்த்து, "சுஜியக்கா வூட்டுக்காரரா? இதோ வந்துடும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு யார் கொடுத்தது அந்த உரிமை? வண்டியில் ஏறியதும் கேட்டேன்.

"இன்னா, எல்லாரும் பேர் சொல்லிக் கூப்டறானுங்க?"

"பேரு கூப்டறதுக்குத் தானங்க?"

"அது நான் வச்ச பேரு."

"நீங்க வச்சதுதான். யாரு இல்லன்னது? ஆனா மேடம் கூப்டறப்ப இழுத்து, பாட்டு மாதிரி கூப்புடும்ங்க. 'சுஜியாஆ' ன்னு. கேக்க அவ்ளோ நல்லா கீது."

படப்பை வரும்வரைக்கும் தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினேன்.

போன வருஷம் ஒரு நாள் சாயந்தரம் ஒரு டப்பாவோடு வந்தாள். உள்ளே கடல்பாசி போட்ட சூப், ஆறிப்போய் வழவழவென்று இருந்தது. "இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளாம்ங்க" என்றாள். கேட் பாஸுக்குக் கொடுத்த ஆதார் நகலில் மேடம் தேதியைப் பார்த்து வைத்திருக்கிறார். அவர்கள் ஊரில் பிறந்த நாளன்று அந்த சூப்பைத்தான் சாப்பிட வேண்டுமாம். அவளை மேசை முன்னால் உட்காரவைத்து, மேடமே பரிமாறியிருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியாரு போட்ட தேதிடி. நீ பொறந்த தேதி உங்க அம்மாவுக்கே தெரியாது" என்றேன்.

"போட்டா இன்னா? யாரோ ஒருத்தரு போட்டாரு இல்ல? அந்தத் தேதி வருஷா வருஷம் வந்துகினுதான் கீது. யாரு பாத்தா?" என்று சொல்லிவிட்டு சூப்பைச் சுடவைக்கப் போனாள். நானும் மகளும் ஒரு வாய் குடித்தோம். அவள் கிண்ணத்தை வழித்துக் குடித்தாள்.

இந்த வருஷம் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். வியாழக்கிழமையிலிருந்து நாலு நாள் லீவு சொல்லிவிட்டு மகளோடு வாலாஜாபாத் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நான் போய் அழைத்துவர வேண்டும் என்று பேச்சு.

சனிக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜ் வாசலில் கெஸ்ட்டுக்காகக் காத்திருந்தேன். போனில் இரண்டு மெசேஜ் வந்தது. ஒன்று மேடம் கொரிய மொழியில் பேசியது. இன்னொன்று அதையே போன் தமிழாக்கியது. 'சுஜி, என் கணவருக்குத் திடீர் மாற்றல் வந்துவிட்டது. நாங்கள் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு இல்லத்திலிருந்து புறப்பட்டு இந்நாட்டை விட்டுச் செல்கிறோம். ஞாயிறு மதியம் நீ விருந்தாளியாக வர வேண்டும். வேலை செய்யக் கூடாது. நான் சமைப்பேன். நீ அமர்ந்து உண்பாய்.'

டிராவல்ஸில் எங்களுக்கு ஒரு பழக்கம். குரூப்பில் டியூட்டி போட்டால் பேச்சே கிடையாது, கட்டைவிரல் பொம்மையைத் தட்டிவிட வேண்டும். பார்த்தேன், வருகிறேன் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு இருபது தடவை தட்டுகிற விரல் அன்றைக்கும் தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் முழுசாகப் படித்தேன்.

அவளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்தது. பட்டன் போன் என்றாலும் அடிக்கும். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் என்ன தூரம்? பஸ்ஸிலேயே வந்திருப்பாள், நானே போய் ஏற்றி வந்திருக்கலாம். நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை. போனால் போகட்டும், சனியன் விட்டது, இனிமேல் அந்தப் பெயர் பழையபடி என்னிடம் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு முழுக்க உள்ளுக்குள் ஒரு குஷி. கெஸ்ட்டுக்கு வழியில் இளநீர்கூட வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் வீட்டில் கோழிக் குழம்பு சாப்பிட்டேன். அவள்தான் பரிமாறினாள். "நாளைக்கு வேலைக்குப் போணும்ங்க. நாலு நாளு லீவு போட்டுட்டேன், மேடம் தனியா இன்னா பண்ணிச்சோ. காலையில கேசரி கிண்டி எடுத்துகினு போறேன்" என்றாள். நான் எலும்பைக் கடித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்த நேரத்தில் ஆறாவது மாடியில் மேசை போட்டிருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சாயந்தரம் கிளம்பினோம். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். ஏழு மணி சுமாருக்கு ஒரகடம் தாண்டும்போது இவள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"மேடம் வூட்ல லைட்டு எரியுதுங்க."

"ம்."

"ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன். மேல போயி மூஞ்சியக் காட்டிட்டு வந்துடறேன்."

இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வண்டியைத் திருப்ப ஒரு கை போதும். அவள் மேலே போயிருந்தால் கோபத்தில் என்னை நாலு திட்டு திட்டியிருப்பாள், ஆனால் பார்த்திருப்பாள். எல்லாம் எனக்குத் தெரிந்தது. "லீவு நாள்ல போயி அவங்கள தொந்தரவு பண்ணாத. நாளைக்குப் போவத்தானே போற" என்று சொல்லிக் காலை ஆக்ஸிலேட்டரில் அழுத்தினேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் நெய் மணக்கக் கேசரி கிண்டி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். எனக்கு மத்தியானம்தான் டியூட்டி. பத்தரை மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டாள். தூக்கு கையிலேயே இருந்தது. செருப்போடு கூடத்துக்குள் வந்தாள்.

"போனக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்றேன் இல்ல? செக்யூரிட்டி சொன்னான். மேடம் ஊருக்குப் பூடுச்சாம். நேத்து மத்தியானம் மூணு தபா கீழ எறங்கி வந்து கேட்டாண்ட நின்னுச்சாம். சுஜி வரேன்னு சொல்லிச்சு, இன்னும் காணோமேன்னு போனக் காட்டிச்சாம். உங்க கட்டவெரலு அதுல இருந்துச்சாம்."

கொடுத்தேன். தமிழில் இருந்ததைச் சத்தமில்லாமல் படித்தாள். பிறகு மேடத்தின் குரலை அழுத்தினாள். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாத மொழி. ஆனால் முதலில் அந்த இழுத்த கூப்பாடு இருந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டாள். பதில் அனுப்பலாம் என்று நானே அவசரமாகச் சொன்னேன், நானே மன்னிப்புக் கேட்டுப் பேசுகிறேன் என்றேன். பேசி அனுப்பினேன். போகவே இல்லை. இந்த ஊர் நம்பரை ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அபார்ட்மென்ட் ஆபீஸிலும் போய்க் கேட்டேன். கம்பெனி எடுத்த வீடு, அவர்களிடம் வேறு நம்பர் இல்லை. கம்பெனியில் என்னை கேட்டோடு அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் அடுத்த நாட்களில் நடந்தது.

அன்றைக்கு அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

"எனக்கோசரம் ஒருத்தி சோறாக்கி வச்சிகினு காத்துகினு இருந்தா. யாரு கீறாங்க எனக்கு அப்டி? நான்தான் எல்லாருக்கும் ஆக்கி வச்சிகினு ஒக்காந்துகினு கீறேன். ஒருத்தி, ஒரே ஒருத்தி ஒக்காருன்னு சொன்னா. அதக்கூட நீ புடுங்கிகினியே!"

பத்தொன்பது வருஷத்தில் என்னை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

அப்போது நான் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போதும் வயிறுதான் எரிந்தது. ஒரு கொரியாக்காரிக்கு இத்தனை கண்ணீரா? கேட்டேவிட்டேன்.

"நான் செத்தா இப்டி அழுவியா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தெர்லங்க."

மறுபடி 'ங்க' வந்துவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். சுஜி என்று கூப்பிட்டேன். குழாயைத் திறந்துவிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். கையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் பேசினாள்.

"அந்தப் பேரு வாணாம். தெருவுல எல்லாரும் கூப்டற மாதிரி நீங்களும் கூப்டுங்க."

ஒரு மாதம் விடாமல் கூப்பிட்டுப் பார்த்தேன். காது கேட்காதவள் மாதிரி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நானும் பாப்பா அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். உடனே வந்து, என்ன வேண்டும் என்று கேட்கிறாள்.